சொர்ணவல்லியின் காலடி மண்

திருட்டுத்தனத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள் என் ஓரகத்தி சுகுணா. காலடி மண் எடுக்கப் போகிறவள் என்ன செய்ய வேண்டும்? ஆள் நடந்து போய், மூலை திரும்பி, தலை மறைந்த பிறகு குனிய வேண்டும். இவள் குழாயடியிலிருந்து குடத்தோடு போன சொர்ணவல்லியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள். அவள் இடது காலைத் தூக்கியதும் அந்த இடத்தில் கையை வைத்துவிட்டாள். வளையல் சத்தம் கேட்டு சொர்ணவல்லி திரும்பினாள். செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் கண் வைத்தவள் காலடி மண்ணைத்தான் எடுப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சொர்ணவல்லி சுகுணாவின் கையைப் பார்த்தாள். பிறகு வலது காலையும் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள், இவள் அள்ளுவதற்குத் தோதாக. சுகுணாவுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? இவள் அதையும் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

அந்தக் கால் நகர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நானும் சுகுணாவும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். கந்தர்வக்கோட்டைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. ஒரே வளவு, இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு சுவர். நான் மூத்தவள், திலகவதி. வாய் எனக்குக் கொஞ்சம் அதிகம் என்பார்கள். சுகுணாவுக்குக் கை அதிகம், எதையாவது செய்துவிட்டுத்தான் யோசிப்பாள். மாடு அவளுடையது. செவலை மாடு, நல்ல பால். ஆடியில் ஈன்ற கிடேரிக் கன்றை அவள் பெற்ற பிள்ளையைப் போலத்தான் வளர்த்தாள். அவளுக்கு இரண்டும் பையன்கள், இரண்டு பேரும் வெளியூரில். கன்றின் கழுத்தில் மணி, நெற்றியில் பொட்டு. தை மாதப் பொங்கலுக்கு அதற்குச் சலங்கை வாங்குவதாக இருந்தாள்.

எங்களிடம் பால் வாங்கியவர்களில் சொர்ணவல்லியும் ஒருத்தி. அவள் புருஷன் குவைத்தில் டிரைவர். இவள் மகள் ஹரிணியோடு தனியாக இருக்கிறாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் இந்தத் தெருவில் ஒரு வளைகாப்புக்கும் அவளை முன்னால் கூப்பிட்டதில்லை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அவள் வந்தால் தொட்டிலின் மேல் துணியை இழுத்துவிடுவார்கள். இழுத்துவிட்டவர்களில் நானும் உண்டு. ஹரிணி பிறந்த பிறகு எல்லாம் மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தோம். மறந்துபோகவில்லை, சும்மா மூடி வைத்திருந்தோம்.

மார்கழியில் ஒரு நாள் காலையில் தூக்குவாளியோடு பால் வாங்க வந்தவள், கன்று துள்ளுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “ஆத்தி! என்னமா வளந்துருச்சு சுகுணா! குதிரைக்குட்டியாட்டம்ல நிக்குது!”

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரமே கன்று தீனியில் வாய் வைக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் காலடி மண். மிளகாய் வற்றல், கல்லுப்பு, அந்த மண் மூன்றையும் கன்றைச் சுற்றி அடுப்பில் போட்டாள் சுகுணா. மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை என்றால் கண் பட்டது நிச்சயம் என்பது கணக்கு. “பாத்தியாக்கா, துளி நெடி இல்ல!” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். இந்தப் பக்கம் நான் கண்ணில் நீர் வடிய இருமிக்கொண்டிருந்தேன். ‘அடி போடி, நெடி மூக்கைத் துளைக்குது’ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், நானும் பாதி நம்பினேன்.

கன்று பிழைக்கவில்லை. வயிறு ஒட்டி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, முக்கி முக்கிக் கிடந்து ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. முந்திரித் தோப்பில் குழி வெட்டிப் புதைத்தோம். சுகுணா அந்த மணியைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலையில், வாடிக்கை மாறாமல், ஹரிணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சொர்ணவல்லி வந்து நின்றாள். விஷயம் அவளுக்குத் தெரியும். கண்ணைத் தரையில் போட்டபடிதான் நின்றாள்.

“பால் இல்ல” என்றாள் சுகுணா. நுரை தளும்பும் பால் கேன் அவள் காலடியில் இருந்தது.

“எனக்கு வேணாம் சுகுணா. பிள்ளைக்கு மட்டும் ஒரு ஆழாக்கு ஊத்து.”

“ஒம் பிள்ளைக்கு ஊத்தித்தான் எங் கன்னு மண்ணுக்குள்ள போயிருச்சு. இனிமே இங்கிட்டு வராத.”

எங்கள் பக்கம் யாருக்கு யாரோடு பகை இருந்தாலும் பிள்ளைப்பாலை நிறுத்துவதில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளி வீட்டுக்குக்கூடச் சுவர் மேல் வைத்துவிட்டு வருவார்கள். அதை நிறுத்தினாள் சுகுணா. நான் பக்கத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு எங்கே வைத்திருந்தேன் என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு சொர்ணவல்லி பஸ் ஸ்டாப் கடையில் பாக்கெட் பால் வாங்கினாள். அதற்கும் எங்கள் தெரு வழியாக வரவில்லை. கண்மாய்க்கரை ஏறிச் சுற்றிக்கொண்டு போனாள். ரோஷம் என்று நினைத்தோம். “இருக்கட்டுமே, கள்ளிக்கு வீம்பப் பாரு” என்றாள் சுகுணா.

இனிக் கடலைக்கு வருகிறேன். அங்கேதான் எங்கள் வண்டவாளம் இருக்கிறது.

ஐப்பசியில் கடலைச்செடியைப் பிடுங்கிப் போர் போட்டோம். போட்டதும் பிடித்துக்கொண்டது மழை. விட்ட பிறகு காயை ஆய்ந்து தார் ரோட்டோரம் கொட்டிக் காயவைத்தோம். பஸ்காரன் ஹாரன் அடிக்க, நாங்கள் அவனைத் திட்ட, ஒரு வழியாகக் காய்ந்தது. உடைத்துப் பருப்பாக்கியபோது பாதிக்குப் பாதி கறுப்பு. எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்க லட்சணமான பருப்பு வியாபாரிக்குப் போகும். கறுத்தது, சுருங்கியது, முளைவிட்டது எல்லாம் எங்களுக்கு. அதை ஆட்டிக்கொண்டு வந்தால் எண்ணெய் எங்கள் அடுப்படிக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. கடையில் எண்ணெய் வாங்குகிறவர்களைப் பார்த்து எங்களுக்கு ஓர் இளக்காரம்கூட உண்டு. ‘நாங்க சொந்தக் கடலை, சொந்த எண்ணெய்’ என்போம்.

பருப்பு பொறுக்கும்போது சுகுணாவின் விரல் நுனியெல்லாம் பச்சையாக மாவு ஒட்டியிருந்தது.

“அக்கா, பூசணம் பூத்திருக்கே. இத ஆட்டலாமா?”

“பொடச்சு வெயில்ல போடுடி. எல்லாம் செத்துப்போயிரும். நம்ம வீட்டுல என்னைக்குத் தூர எறிஞ்சிருக்கோம்?”

சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

ஆட்டி வந்த புண்ணாக்கை மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் சாக்கில் வைத்தோம். சுவரில் ஓதம். மேலே வெள்ளையும் பச்சையுமாகப் படிந்தால் பழந்துணியால் துடைத்துவிட்டு ஊறவைப்பாள் சுகுணா. முதல் கை கன்றுக்கு. சீக்கிரம் தேற வேண்டும் என்று மற்றவர்கள் வீட்டுக் கன்றுக்குப் போடுவதைப்போல இரண்டு பங்கு போட்டாள். ஆசை ஆசையாகப் போட்டாள்.

தை பிறந்தும் எங்கள் வீட்டில் பொங்கல் சிறக்கவில்லை. மாடும் தீனி எடுக்காமல் நின்றது. பால் பாதியாகக் குறைந்தது. “இன்னமும் அவ கண்ணு விடல” என்று மறுபடி மண் எடுக்கக் கிளம்பினாள் சுகுணா. அவள் புருஷன் நல்லதம்பி அதட்டி உட்காரவைத்துவிட்டு, கால்நடை டாக்டருக்குப் போன் பண்ணினார்.

டாக்டரம்மா பேர் சத்யபிரியா. ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் மாட்டின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். “என்ன தீனி குடுக்கறீங்க?” என்றார்.

சுகுணாவுக்கு அதைச் சொல்வதில் எப்போதும் ஒரு பெருமை. “எல்லாம் சொந்தக் கடலைப் புண்ணாக்குங்க. கடைச்சரக்கே தொடுறதில்ல” என்று ஒரு கட்டியை ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினாள். நன்றாகத் துடைத்திருந்தாள்.

டாக்டரம்மா அதை இரண்டாக உடைத்தார். உள்ளே பாசிபோலப் பச்சை. முகர்ந்து பார்த்துவிட்டு எங்களிடமும் நீட்டினார். ஊறிய சாக்கு நாற்றம். தினமும் முகர்ந்ததுதான், எங்களுக்கு அது நாற்றமாகவே தெரிந்ததில்லை.

“போன மாசம் கன்னு செத்துச்சுன்னு போன்ல சொன்னீங்களே. அது எப்படி இருந்துச்சு?”

சுகுணா சொன்னாள். பல் கடித்தது, முக்கியது, ஒட்டிப்போனது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “அது கண்ணு பட்டதுங்க” என்றாள்.

“கண்ணு இல்லம்மா, இதுதான்” என்றார் டாக்டரம்மா, கட்டியைக் காட்டி. “கன்ன அறுத்துப் பாத்திருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன். இத டெஸ்டுக்கு அனுப்பறேன். ஆனா எனக்குச் சந்தேகமில்ல. இந்தப் பூசணம் ஒரு வெஷத்த உண்டாக்கும். சின்ன உசுரு அதத் தாங்காது, ஈரல் போயிரும்.”

“தொடச்சுட்டுத்தானே போட்டேன்... வெயில்லயும் வச்சேனே...”

“தொடச்சா மேல இருக்க பச்சதான் போகும். வெஷம் உள்ளதான் இருக்கும். வெயிலுக்கும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது.” மேலே என்னவோ கேட்க வாயெடுத்து நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார், “இந்தப் பால யார் யார் குடிக்கறாங்க?”

சுகுணாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

“பால்லயும் வருமாங்க?” என்றேன்.

“வரும். ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் தெரியாது. வாந்தி, வயித்துவலின்னு வந்து காட்டிக்குடுக்காது. தினம் தினம் சேந்தா ஈரலத்தான் அரிக்கும். பிள்ளைங்களுக்குத்தான் ரொம்ப ஆகாது. பயப்படுத்தச் சொல்லல. இன்னைக்கே நிறுத்துங்க. நல்ல தீனி குடுத்தா கொஞ்ச நாள்ல பால் தெளிஞ்சிரும், டெஸ்ட் பண்ணிட்டு ஊத்தலாம். வாங்குன வீட்டுல சொல்லிருங்க. அந்தக் கடலையில ஆட்டுன எண்ணெயையும் தொடாதீங்க.”

அன்றைக்குக் கறந்த பாலை வாய்க்காலில் ஊற்றினோம். பாலைக் கொட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கொட்டாமலே எங்களால் எத்தனை குடும்பத்துக்கு ஆகாமல் போனதோ, யார் கண்டது?

பிறகு வீடு வீடாகப் போனோம். சுகுணா வாசலில் நிற்பாள், நான் சொல்வேன். பேரப்பிள்ளைக்கு வாங்கிய பிரகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு, “பால்னு நம்பித்தானேடி குடுத்தேன்” என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். வாங்கிக்கட்டிக்கொண்டோம். டீக்கடை ஆத்மநாதனோ சிரித்தார். “போம்மா, நாமெல்லாம் சொத்தைக் கடலை தின்னே வளந்தவுக. செத்தா போயிட்டோம்?” கத்தியது பரவாயில்லை, இந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. எங்கள் மாமனார் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஈரல் கெட்டுத்தான் போனார். ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனுஷன். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு டீக்கடையில் நின்றபோது அவர் கண் எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லா வீடும் முடிந்தது. சொர்ணவல்லியின் சந்து வந்ததும் சுகுணா திரும்பி எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“எங்கிட்டுடி போற?”

“அவதான் இப்ப நம்மகிட்ட வாங்கலயேக்கா. பாக்கெட் பால்தானே. அவகிட்ட என்னத்தச் சொல்றது?”

எனக்கு வந்த கோபத்தில் நடுத்தெரு என்றும் பார்க்கவில்லை. “ஏண்டி, வாங்காமயா போனா? நீ ஊத்தமாட்டேன்னு வெரட்டிவிட்ட. ஊரு முச்சூடும் வெஷத்த ஊத்திட்டு, கன்னு செத்ததுலருந்து அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஊத்தாம விட்டிருக்க. அதுவும் இரக்கப்பட்டு இல்ல. இப்ப அவ மேல சுமத்துன பழி அப்படியே இருக்கணும், நாம வீட்டுக்குப் போயிச் சோறு திங்கணும், அப்படித்தானே? நடடி!”

சுகுணா அழுதுகொண்டே வந்தாள். “என்னத்தக்கா சொல்லுவேன்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

“இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான். எனக்கு மட்டும் வேற மூஞ்சியா இருக்கு?”

சொர்ணவல்லி வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஹரிணிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் பார்த்தது என்னவென்று எங்களுக்கும் முதலில் புரியவில்லை. பிள்ளை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இவள் அதற்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கிண்ணத்தில் பிசைந்து ஒரு வாய் எடுத்து, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள். பிள்ளை எட்டி வந்து வாங்கிக்கொள்கிறது. ஒரு வாய் மூக்கில் பட்டது. அதற்கும் அவள் திரும்பவில்லை, புறங்கையால் தடவித் துடைத்துவிட்டாள்.

“சொர்ணம்” என்றேன்.

அவசரமாக எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எங்களையும் நேராகப் பார்க்கவில்லை. “வாங்கக்கா” என்று நிலைப்படியைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏன் இப்படி ஊட்டுற?”

“திங்கும்போது பாத்தாத்தான் பொல்லாததாம்க்கா. கன்னு குதிச்சதப் பாத்தேன், போயிருச்சு. எனக்கிருக்கறது இது ஒண்ணு. அதான் ஒங்க தெருப்பக்கமும் வாரதில்ல. ஒங்க மாடும் தீனி எடுக்கலன்னாக. நான் அங்கிட்டு வரவே இல்லக்கா, சத்தியமா. கண்மாய்க்கரை மேலதான் போறேன்.”

ரோஷம் என்று நினைத்தோமே, அது இதுதான். எங்கள் பேச்சை எங்களைவிட அவள்தான் முழுசாக நம்பியிருக்கிறாள். நான் சுகுணாவைப் பார்த்தேன். இது நான் சொல்லக் கூடாது, அவள்தான் சொல்ல வேண்டும்.

சுகுணா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சொர்ணக்கா, கன்ன நான்தான் கொன்னேன். பூசணம் புடிச்ச புண்ணாக்கப் போட்டுக் கொன்னேன். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒங்க கண்ணு இல்லக்கா. அந்தப் பாலும் வெஷமாம். ஊரே குடிச்சிருக்கு. கன்னு செத்ததுலருந்து ஒங்க பிள்ளை மட்டும்தான் குடிக்கல.”

சொர்ணவல்லி திட்டுவாள், காறித் துப்புவாள், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தோம். அவளோ சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்.

“அப்ப நான் இல்லயா?”

“இல்லக்கா.”

“டாக்டரம்மாதான் சொன்னாகளா? நீங்களா சொல்லலயே?”

“நாளைக்குக் குழாயடியில, எல்லாரு முன்னாடியும் நானே சொல்றேன்க்கா. ஒங்க மண்ண அள்ளுன எடத்துலயே நின்னு சொல்றேன்.”

அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. கையில் ஒரு வாய்ச் சோறு இருந்தது. அதோடு மெல்லத் திரும்பினாள். சம்மணம் போட்டு ஹரிணிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். எத்தனை நாளாயிற்றோ, பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்த்து, “ஆ காட்டு தங்கம்” என்றாள்.

ஹரிணி சடாரென்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது.

“பாக்கக் கூடாதும்மா” என்றது, விரலுக்குள்ளிருந்து. “அங்க திரும்பிக்க.”